நிலக்கடலை தின்றால் பரு வருமா?

மாணவ நண்பர்களே, இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிராவிட்டாலும் இதற்கான பதிலைக் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். வகுப்பில் ஒருவன் வறுகடலைப் பொட்டலத்தைப் பிரித்தவுடன், "தின்னாதேடா, முகமெல்லாம் பரு கிளம்பும்" என்று பக்கத்தில் இருப்பவன் எச்சரிப்பான். (எச்சரித்துவிட்டு அவனே கையை நீட்டுவான் என்பது வேறு விஷயம்.) வீட்டில் பாட்டி மாம்பழத்தின்மேல் பழி போடுவார், அத்தை சாக்லேட்டைச் சொல்வார், எதிர்வீட்டு மாமாவுக்கு எண்ணெய்ப் பலகாரம்தான் குற்றவாளி.

நான் பத்தாம் வகுப்பில் படித்தபோது என் நெற்றியிலும் கன்னத்திலும் பருக்கள் நிறைந்திருந்தன. ஆளாளுக்குச் சொன்னதைக் கேட்டு, ஏறக்குறைய ஓர் ஆண்டு நிலக்கடலை, முட்டை, நெய், வடை எல்லாவற்றையும் விலக்கி வைத்தேன். பருக்கள் போகவில்லை, உடம்பின் எடைதான் போயிற்று. உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அப்போது எனக்குச் சொல்ல யாரும் இல்லை. இப்போது ஓரளவு தெரிகிறது. ஆனால் அது தெரியவந்த விதம் நேரானது அன்று. விஞ்ஞானிகளே சுமார் முப்பது ஆண்டுகள் ஒரு தவறான சோதனையை நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தவறு எங்கே இருக்கிறது என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

உணவுக்கும் தோலுக்கும் தொடர்பு உண்டு என்பதில் ஐயமில்லை. பெல்லாக்ரா என்ற நோயை எடுத்துக்கொள்வோம். இந்நோய் கண்டவருக்குக் கழுத்து, புறங்கை போன்ற வெயில் படும் இடங்களில் தோல் கருத்துத் தடித்து உரியும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சோளத்தையே (மக்காச்சோளத்தை) நம்பி வாழ்ந்த ஏழைகளை இந்நோய் ஆயிரக்கணக்கில் வாட்டியது. அது கிருமியால் பரவும் தொற்றுநோய் என்றே பலரும் கருதினர். ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் மட்டும் உணவுக் குறைவே காரணம் என்றார். 1915-இல் மிசிசிப்பி மாநிலத்துச் சிறைப் பண்ணை ஒன்றில், விடுதலை தருவதாகச் சொல்லிக் கைதிகள் சிலருக்கு இறைச்சியும் பாலும் இல்லாத சோள உணவையே மாதக்கணக்கில் கொடுத்தார். இறுதிவரை இருந்த பதினொரு பேரில் ஆறு பேருக்கு நோய் வந்துவிட்டது. குறைந்த சத்து நியாசின் என்னும் வைட்டமின் என்பது 1937-இல் தெளிவாயிற்று. அதைக் கொடுத்தால் தோல் தேறுகிறது, கொடுக்காவிட்டால் கெடுகிறது. கணக்கு நேராக இருக்கிறது.

முகப்பரு இப்படிப்பட்டதன்று. அது எந்த ஒரு வைட்டமின் குறைவாலும் வருவதில்லை. நன்றாக உண்டு வளரும் பிள்ளைகளுக்கே நிறைய வருகிறது. மேலை நாடுகளில் வளரிளம் பருவத்தினரில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு காலத்தில் பரு வந்து போகிறது. ஆகவே இங்கே கணக்கு கொஞ்சம் சிக்கலானது.

முதலில் பரு என்றால் என்ன என்று பார்ப்போம். நம் தோலில் உள்ள ஒவ்வொரு மயிர்க்காலும் ஒரு சிறு குழாய் போன்றது. அதன் பக்கத்தில் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. இச்சுரப்பி 'சீபம்' எனப்படும் மெழுகு போன்ற எண்ணெயைச் சுரந்து குழாய் வழியே மேலே அனுப்புகிறது. தோல் வறண்டுவிடாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்று. முகத்திலும் மார்பிலும் முதுகிலும் இச்சுரப்பிகள் பெரியவை, எண்ணிக்கையிலும் மிகுதி. குழாயின் உட்சுவரிலிருந்து உதிரும் இறந்த செல்கள் சாதாரணமாகச் சீபத்தோடு வெளியேறிவிடும். சீபம் அதிகமாகி, உதிரும் செல்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், குழாய் வாயில் அடைப்பு விழுகிறது. அடைப்பின் வாய் திறந்திருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும். அந்தக் கருமை அழுக்கு என்று எண்ணிச் சிலர் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறார்கள். அது அழுக்கன்று, நம் தோலுக்கு நிறம் தரும் மெலனினே அதற்குக் காரணம். தேய்ப்பதால் எரிச்சல்தான் மிச்சம். அடைபட்ட குழாயினுள் ஆக்னிஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது. எல்லோருடைய தோலிலும் வாழும் உயிரிதான் அது. அடைப்பினுள் பெருகும்போது உடலின் காப்புப் படை அங்கே விரைகிறது, இடம் சிவந்து வீங்குகிறது, சீழும் கட்டலாம். இதுவே பரு.

இதில் இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள்.

ஒன்று, சீபம் என்பது நாம் தின்ற எண்ணெய் தோல் வழியே கசிந்து வருவதன்று. சுரப்பியின் செல்கள் இரத்தத்திலிருந்து மூலப்பொருள்களை எடுத்துத் தாமே தயாரிக்கும் பொருள் அது. எருமை பச்சைப் புல்லைத் தின்கிறது. பால் பச்சையாகவா வருகிறது? எவ்வளவு சுரக்க வேண்டும் என்று சுரப்பிக்குக் கட்டளையிடுபவை ஹார்மோன்கள், குறிப்பாக ஆண்ட்ரோஜன் என்னும் ஆண் ஹார்மோன்கள். இவை பெண்களின் உடலிலும் சிறிதளவு உண்டு. பருவமடையும் வயதில் இவை பெருகுவதால்தான் அவ்வயதில் பரு வருகிறது. ஹார்மோன் குறைவால் பருவமாற்றம் நிகழாத ஆண்களுக்குப் பரு வருவதில்லை என்றும், அந்த ஹார்மோனை மருந்தாகக் கொடுத்தால் அவர்களுக்கும் வருகிறது என்றும் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1941-இல் காட்டினார்.

இரண்டாவது செய்தி, காலம் பற்றியது. குழாயில் அடைப்பு விழத் தொடங்கிப் பரு வெளியே தெரிவதற்குப் பல வாரங்கள் ஆகின்றன. இன்று காலை கண்ணாடியில் நீங்கள் கண்ட பரு, சென்ற மாதமே வேலையைத் தொடங்கிவிட்ட பரு. நேற்று மாலை தின்ற போண்டா அதற்குப் பிறப்பிடமாக முடியாது.

அப்படியானால், "தின்றேன், வந்துவிட்டது" என்று பலரும் ஆணையிட்டுச் சொல்வது ஏன்? தேர்வுக் காலத்தை நினைத்துப் பாருங்கள். இரவெல்லாம் விழிக்கிறோம், விழிப்பதற்காகக் கொறிக்கிறோம், மனத்திலும் கலக்கம். 2003-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 22 மாணவர்களைத் தேர்வுக்கு முன்னும் தேர்வின்போதும் சோதித்து, மன அழுத்தம் கூடியவர்களுக்குப் பருவும் கூடியதாகக் கண்டார்கள். அந்த நாட்களில் கடலை தின்றவன் கடலையைத்தான் குறை சொல்வான். பெண்களில் பலருக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் பரு கூடுகிறது. இனிப்பின்மேல் ஆசை கூடுவதும் பலருக்கு அதே நாட்களில்தான். இரண்டும் சேர்ந்து வருவதால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடாது. இரண்டுக்கும் பின்னால் மூன்றாவது ஒன்று இருக்கலாம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கச் சோதனை ஒன்றே வழி. 1969-இல் ஃபுல்டன், பிளெவிக், கிளிக்மன் என்ற மூவர் அத்தகைய சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். பரு உள்ள 65 பேர் இதில் இருந்தனர். முப்பது பேர் பரு சிகிச்சைக்கு வந்த வளரிளம் பருவத்தினர். மற்ற 35 பேர் சிறைக் கைதிகள். (கைதிகளை இவ்வாறு சோதனைக்குப் பயன்படுத்துவதற்கு இன்று கடுமையான கட்டுப்பாடுகள் உள்ளன. கோல்ட்பெர்கரின் சோதனையையும் இன்று எவரும் அனுமதிக்கமாட்டார்கள்.) ஒரு பிரிவினர் நாள்தோறும் ஒரு சாக்லேட் கட்டியைத் தின்றார்கள். சாதாரணக் கட்டியில் உள்ளதைப்போல் பத்து மடங்கு சாக்லேட் அதில் இருந்தது. மற்றொரு பிரிவினர், பார்வைக்கு அதே போன்ற, ஆனால் சாக்லேட் இல்லாத போலிக் கட்டியைத் தின்றார்கள். யார் எதைத் தின்கிறார் என்பது அவர்களுக்கே தெரியாது. நான்கு வாரங்கள் கழித்துப் பருக்களை எண்ணினார்கள். இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனவே சாக்லேட்டுக்கும் பருவுக்கும் தொடர்பில்லை என்று முடிவு கட்டினார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் அழகான சோதனை. ஒப்பீட்டுக் குழு இருக்கிறது. போலிக் கட்டியும் இருக்கிறது. தவறு எங்கே? அடுத்த பத்தியைப் படிப்பதற்குமுன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

போலிக் கட்டியில் என்ன இருந்தது என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள். சாக்லேட்டைப் போலவே தோன்றவேண்டும், அதே அளவு கலோரி தரவேண்டும் என்பதற்காக அதிலும் நிறையச் சர்க்கரையையும், நூற்றுக்கு 28 பங்கு தாவரக் கொழுப்பையும் சேர்த்திருந்தார்கள். குறையேதும் செய்வது கோகோ என்றால் அந்தச் சோதனை அதைக் காட்டியிருக்கும். செய்வது சர்க்கரை என்றால்? இரு பிரிவினரும் அதைத் தின்றார்கள் அல்லவா! இரண்டு வகுப்புகளுக்கும் விடைத்தாளை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, "மதிப்பெண்ணில் வேறுபாடில்லை, ஆகவே விடைத்தாளால் பயனில்லை" என்று சொல்வதைப் போன்றது இது. இன்னொரு குறையும் உண்டு. பரு உருவாக வாரக்கணக்கில் ஆகும் என்று முன்பே கண்டோம். நான்கு வாரம் அதற்குப் போதாது.

1971-இல் மற்றொருவர், மிசூரி பல்கலைக்கழக மாணவர்கள் 27 பேரைத் தம் முன்னால் உட்காரவைத்து, அவரவர் தமக்கு ஆகாது என்று சொன்ன பண்டத்தையே நிறையத் தின்னச் செய்தார்: சாக்லேட், பால், கோலா பானம், நம்முடைய வறுத்த நிலக்கடலை! பரு கூடவில்லை. ஆனால் சோதனை நடந்தது ஒரே வாரம். ஒப்பீட்டுக் குழுவே கிடையாது. இந்த இரண்டு கட்டுரைகளையும் ஆதாரமாகக் காட்டித் தோல் மருத்துவப் பாடநூல்கள் பல ஆண்டுகள், "உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லை" என்று எழுதின. பாட்டி சொன்னது முழுவதும் மூடநம்பிக்கை என்று ஆயிற்று.

கதை திரும்பியது 2002-இல். பாப்புவா நியூகினியைச் சேர்ந்த கிதாவா என்பது பசிபிக் கடலில் உள்ள சிறு தீவு. அங்கு மக்கள் வள்ளிக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, சேம்பு, பழங்கள், தேங்காய், மீன் ஆகியவற்றை உண்டு வாழ்ந்தார்கள். கடைச் சரக்கு அரிது. 1990-இல் ஸ்டஃபன் லிண்டெபெரி என்ற ஸ்வீடன் மருத்துவர் அங்கு வீடு வீடாகச் சென்று சுமார் 1,200 பேரைச் சோதித்தார். அவர்களில் 300 பேர் 15 வயது முதல் 25 வயது வரை உள்ளவர்கள். ஒருவர் முகத்திலும் பரு இல்லை! தென் அமெரிக்காவின் பராகுவே நாட்டில் ஆச்சே என்ற பழங்குடியினர் 115 பேரை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனித்ததிலும் பரு காணப்படவில்லை. லோரன் கோர்டெய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் லிண்டெபெரி முதலானோரும் இவ்விரு செய்திகளையும் சேர்த்து வெளியிட்டபோது தோல் மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

இதுவே முழு நிரூபணம் என்று அவசரப்படாதீர்கள். தீவு மக்களின் மரபு வேறு, உழைப்பு வேறு, வெயில் வேறு. உணவுதான் காரணம் என்று எப்படி அறுதியிட்டுச் சொல்வது? ஆனாலும் ஒன்று கவனிக்கத்தக்கது. கிதாவா மக்கள் தேங்காயை ஏராளமாக உண்டவர்கள். கொழுப்புத் தின்றால் பரு வரும் என்பது உண்மையானால், அத்தீவில் அல்லவா வந்திருக்கவேண்டும்? அவர்களுடைய இரத்தத்தில் வேறொன்று குறைவாக இருந்தது. அது இன்சுலின்.

இங்கேதான் செய்தியின் உயிர்நாடி இருக்கிறது. சோறோ ரொட்டியோ, மாவுச்சத்து எதுவாயினும், குடலில் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. உடனே கணையம் இன்சுலினைச் சுரந்து அந்தக் குளுக்கோஸைச் செல்களுக்குள் அனுப்புகிறது. சில உணவுகள் குளுக்கோஸைத் திடீரென்று உயர்த்துகின்றன. சில மெதுவாக உயர்த்துகின்றன. இதை அளப்பதற்கு டொரான்டோவைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸ் 1981-இல் ஓர் அளவுகோலை அமைத்தார். அதற்குக் கிளைசீமிக் குறியீட்டெண் என்று பெயர். தூய குளுக்கோஸுக்கு 100 என்று வைத்துக்கொண்டு மற்ற உணவுகளை அதனோடு ஒப்பிட வேண்டும். 70-ம் அதற்கு மேலும் இருந்தால் உயர்ந்த எண் என்பர். சென்னையில் நம் அரிசிகளைச் சோதித்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில் பொன்னிக்கு 70, சோனா மசூரிக்கு 72, சுர்த்தி கோலத்துக்கு 77 என்று வந்தது. வேகவைத்த கொண்டைக்கடலைக்கோ 30 அளவுதான். நம் நிலக்கடலை 20-ஐக்கூடத் தொடுவதில்லை!

இன்சுலினின் வேலை சர்க்கரையோடு முடிவதில்லை. அது அடிக்கடி உயர்ந்தால், 'இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி' என்ற மற்றொரு பொருளின் செயலும் இரத்தத்தில் ஓங்குகிறது. இவ்விரண்டும் சேர்ந்து ஆண்ட்ரோஜன்களின் வேகத்தைக் கூட்டுகின்றன. எண்ணெய்ச் சுரப்பியை மேலும் சுரக்கத் தூண்டுகின்றன. குழாயின் சுவர்ச் செல்கள் வேகமாகப் பெருகவும் செய்கின்றன. அடைப்பு விழுவதற்கு வேண்டிய அத்தனையும் இதில் அடங்கிவிட்டன. லாரன் நோய்க்கூறு என்ற அரிய பிறவிக் குறையில் இந்த வளர்ச்சிக் காரணி உடலில் மிகக் குறைவு. இக்குறை உடையோர் குள்ளமாக இருப்பார்கள். அவர்களுக்குப் பரு வருவது அரிது. அதே வளர்ச்சிக் காரணியை அவர்களுக்கு மருந்தாக அதிக அளவில் கொடுத்தபோது பரு தோன்றியதும் உண்டு.

காரணச் சங்கிலி தெரிந்துவிட்டது. இனி மீண்டும் சோதனைக்கு வருவோம். 2007-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், பரு உள்ள 43 இளைஞர்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்குக் குறியீட்டெண் குறைந்த தானியங்களும் புரதம் மிகுந்த உணவும். மற்றப் பிரிவினருக்கு வழக்கமான மாவுப்பண்ட உணவு. நான்கு வாரமன்று, பன்னிரண்டு வாரங்கள்! பருக்களை எண்ணிய மருத்துவருக்கு யார் எந்தப் பிரிவு என்று தெரியாது. முடிவில் முதல் பிரிவினருக்குச் சராசரியாக 23.5 பருக்கள் குறைந்தன. இரண்டாம் பிரிவினருக்கோ 12 குறைந்தன.

அந்த இரண்டாவது எண்ணைச் சற்று உற்றுப் பாருங்கள். உணவை மாற்றாதவர்களுக்கும் பன்னிரண்டு பருக்கள் குறைந்திருக்கின்றன! பரு தானே கூடும், தானே குறையும். ஒப்பீட்டுக் குழு இல்லாவிட்டால் அந்தப் பன்னிரண்டையும் உணவின் கணக்கிலேயே சேர்த்திருப்போம். விளம்பரங்களில் வரும் 'முன்-பின்' படங்களை இனிமேல் பார்க்கும்போது இது நினைவுக்கு வரட்டும். மற்றொன்று: முதல் பிரிவினரின் எடையும் சுமார் மூன்று கிலோ குறைந்திருந்தது. பரு குறைந்தது உணவு வகையாலா, எடை குறைந்ததாலா என்ற கேள்வி எஞ்சியது. 2012-இல் கொரியாவில் 32 பேரிடம் பத்து வாரம் இதே போன்ற சோதனை நடத்தி, தோலில் சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, உணவை மாற்றியவர்களின் எண்ணெய்ச் சுரப்பிகள் சிறுத்திருக்கக் கண்டார்கள். ஆனால் 2010-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், 58 இளைஞர்களிடம் எட்டு வாரத்தில் இரு பிரிவுக்கும் இடையே தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. ஆகவே, உணவு பருவின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ ஓரளவு உதவுகிறது என்று சொல்லலாம். உணவே பருவை உண்டாக்குகிறது என்று சொல்ல முடியாது. வயதும் மரபும்தான் முதல் காரணங்கள்.

பால் விஷயம் இன்னும் வேடிக்கை. 2005-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 47,355 செவிலியரிடம், அவர்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது என்ன உண்டார்கள் என்று கேட்டார்கள். பால் மிகுதியாகக் குடித்தவர்களுக்குப் பரு சற்று மிகுதி. அதிலும் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது ஆடை நீக்கிய பாலில்தான்! கொழுப்பே குற்றவாளி என்றால் ஆடைப்பாலில் அல்லவா தெரிந்திருக்கவேண்டும்? பாலில் சர்க்கரை உயர்வு குறைவு. ஆனால் அதன் புரதம் இன்சுலினை நன்றாகவே தூண்டுகிறது. உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கும் மோர்ப்புரதப் பொடியைத் தின்னத் தொடங்கிய இளைஞர்கள் சிலருக்குப் பரு பெருகியதையும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இருந்தாலும் செவிலியர் ஆய்வில் ஒரு பலவீனம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் குடித்த பாலை இன்று நினைவுபடுத்திச் சொல்வது எவ்வளவு சரியாக இருக்கும்? சென்ற வாரச் செவ்வாய்க்கிழமை நீங்கள் மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லிப் பாருங்கள்!

இனி உங்கள் தட்டுக்கு வருவோம். நிலக்கடலையையும் முட்டையையும் பருவுக்குப் பயந்து தள்ளாதீர்கள். நீங்கள் வளரும் வயதில் இருக்கிறீர்கள். எலும்பும் தசையும் இரத்தமும் பெருகும் இந்த ஆண்டுகளில் புரதத்தையும் இரும்புச்சத்தையும் விட்டுவிட்டால் அந்த நட்டம் முகத்தோடு நிற்காது. மாணவிகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். இரத்தசோகை நம் நாட்டில் அவர்களைத்தான் மிகுதியாகப் பிடிக்கிறது. பாலை அடியோடு நிறுத்தவும் தேவையில்லை. குறைக்க வேண்டுமானால் குளிர்பானத்தையும், இனிப்பையும், மைதாப் பண்டங்களையும் குறையுங்கள். குவியலாகச் சோறும் ஒரு கரண்டிக் குழம்பும் என்பதை மாற்றி, சோற்றைச் சற்றுக் குறைத்துப் பருப்பையும் கீரையையும் சுண்டலையும் கூட்டிக்கொள்ளுங்கள். இதனால் பரு குறையாவிட்டாலும் நட்டம் ஒன்றுமில்லை.

பரு வலித்தாலோ, சீழ் கட்டினாலோ, தழும்பு விழத் தொடங்கினாலோ உணவை நம்பிக் காத்திருக்கவேண்டாம். மருத்துவரிடம் செல்லுங்கள், நல்ல மருந்துகள் இருக்கின்றன. அவையும் பலன் தர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்பதால் பத்தே நாளில் நிறுத்திவிடாதீர்கள். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு, முகத்தை வெளுக்கச் செய்யும் ஸ்டீராய்டு களிம்புகளை மட்டும் வாங்கிப் பூசாதீர்கள். முதல் வாரம் முகம் பளிச்சென்றிருக்கும். பிறகு அந்தக் களிம்பே பருவைக் கிளப்பிவிடும், தோலும் மெலிந்துபோகும்.

ஒரு பயிற்சியோடு முடிக்கிறேன். மாம்பழம் தின்றால் பரு வருமா என்று கண்டறிய நீங்கள் ஒரு சோதனை அமைக்கவேண்டும். உங்கள் பள்ளியில் பரு உள்ள 40 பேர் இதற்கு ஒப்புக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாம்பழம் தின்னாத இருபது பேருக்கு அதற்குப் பதிலாக என்ன கொடுப்பீர்கள்? எத்தனை வாரம் நடத்துவீர்கள்? பருக்களை யார் எண்ணுவார்? சோதனையின் நடுவில் அரையாண்டுத் தேர்வு வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? தாளில் எழுதி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். அவர் முதலில் பார்க்கப்போவது அந்த இருபது பேரின் தட்டில் நீங்கள் எதை வைத்தீர்கள் என்பதைத்தான்.